இறங்கும் காற்று

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றே கால் பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை நண்பகல் சூரியன் அந்த ஊரின் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்து நிற்கும். ஆனாலும் அங்கே பதிவான உச்ச வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ்தான். 1983 ஏப்ரலில் ஒருமுறை, 2023 மே மாதத்தில் இன்னொருமுறை. அல்ஜீரியாவின் சகாராப் பகுதியில் வார்க்லா என்று ஓர் ஊர் உண்டு. 32ஆம் வடக்கு அட்சரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் அதன் உச்சிக்கு ஒருநாளும் வருவதில்லை. 2018 ஜூலை 5ஆம் தேதி அங்கே வெப்பமானி 51.3 டிகிரியைக் காட்டியது.

கோடையில் வார்க்லாவின் பகல் நீளமானது. நாள் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் அங்கே விழும் வெயில் சிங்கப்பூரைவிட அதிகம்தான். ஆனால் ஏறக்குறைய அதே அட்சரேகையில் ஷாங்காயும் இருக்கிறது. அதற்கும் அதே நீளப் பகல், அதே சூரியன். ஷாங்காயில் 45 டிகிரியை எவரும் கண்டதில்லை. ஆக, வார்க்லாவைக் கொதிக்க வைப்பதில் சூரியனுக்குத் துணையாக இன்னொன்றும் நிற்கிறது.

வெயில் கடுமையாக அடிக்கிறது, ஈரமெல்லாம் வற்றுகிறது, நிலம் பாலையாகிறது. நம்மில் பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் வரிசை இது. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்வதும் இதே வரிசைதான். மழைக்காலம் வந்ததும் பசுமை திரும்பிவிடுகிற தமிழ் நிலத்துக்கு அது மிகச் சரியான கணிப்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காய்ந்து கிடக்கும் பெரும்பாலைகளுக்கோ அந்த வரிசை செல்லாது. அங்கே வறட்சி மூத்தது, வெப்பம் இளையது. மழையைத் தடுக்கும் ஏற்பாடு ஒன்று முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நிலத்தின் கொதிப்பு அதன் விளைவாகப் பின்னால் வருகிறது.

மழை இல்லையென்றால் காற்றில் நீராவி இல்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 டிகிரி வெப்பம், 15 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம். உதடு வெடிக்கும் பாலைக் காற்று. அதன் ஒரு கன மீட்டரில் சுமார் ஏழரை கிராம் நீராவி இருக்கும். 5 டிகிரிக் குளிரில் லண்டனை மூடும் மூடுபனிக் காற்றில், அது கொள்ளும் அளவு முழுவதும் நிறைந்திருக்கும்போதும், ஆவியாக இருப்பது 7 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பாலைவனத்துக் காற்றில் நீர் இருக்கிறது. வெப்பமான காற்றுக்குக் கொள்ளளவு பெரிது என்பதால் அந்த நீர் போதாமல் தெரிகிறது, அவ்வளவுதான்.

இன்னும் வலுவான சாட்சி பாரசீக வளைகுடாக் கரையில் இருக்கிறது. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் 2003 ஜூலை 8ஆம் தேதி பனிநிலை 35 டிகிரி என்று பதிவானது. அதாவது அந்தக் காற்றை 35 டிகிரிக்குக் குளிர்வித்தாலே போதும், நீர் துளிர்த்துவிடும். கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 39 கிராம் நீராவி. சென்னையின் மே மாதப் புழுக்கம் இதன் அருகில் வராது. அப்படியிருந்தும் தஹ்ரானின் ஜூலை மாதத்தில் மழை என்பதே கிடையாது எனலாம். தலைக்கு மேல் நீர் திரண்டு நிற்கிறது. ஒரு துளி இறங்குவதில்லை. பாலைவனத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுவென்று நினைக்கிறேன்.

நீராவி மழையாக வேண்டுமானால் காற்று மேலே ஏற வேண்டும். ஏறும் காற்றின்மேல் அழுத்தம் குறைகிறது, அது விரிகிறது, விரிவதற்குத் தன் வெப்பத்தையே செலவிடுகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி குளிர்கிறது. போதுமான அளவு குளிர்ந்ததும் நீராவி துளிகளாகிறது, மேகம் பிறக்கிறது. நீராவி துளியாகும்போது அதற்குள் அடங்கியிருந்த உள்ளுறை வெப்பம் வெளிப்பட்டுக் காற்றை மேலும் மேலே தூக்குகிறது. கீழே இறங்கும் காற்றின் கதை இதற்கு நேர்மாறு. மேலிருந்து அழுத்தும் பாரம் கூடக்கூட அது சுருங்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடாவதைப்போல, யாரும் அடுப்பு வைக்காமலே அந்தக் காற்று சூடேறுகிறது. அதிலும் கிலோமீட்டருக்கு 10 டிகிரிதான்.

ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 10 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு காற்றுப் பொட்டலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நேராகத் தரைக்கு இறங்கினால் 39, 40 டிகிரியில் வந்து சேரும். நீராவி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் 100 விழுக்காடாக இருந்த ஒப்பு ஈரப்பதம் 7 விழுக்காட்டுக்கு விழுந்திருக்கும். உலகின் பெரும்பாலைகளில் பெரும்பாலானவற்றின் மேல் நடப்பது அடிப்படையில் இந்த இறக்கம்தான். நடைமுறையில் இது மிக மெதுவான இறக்கம், ஒரு நாளைக்குச் சில நூறு மீட்டர்கள். வழியெல்லாம் காற்று தன் வெப்பத்தில் கொஞ்சத்தை விண்வெளிக்குக் கதிர்வீசி இழந்துகொண்டே வரும். அதனால் நம் கணக்கு அப்படியே பலிப்பதில்லை. இந்த இழப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெரிய வேலை ஒன்றை அது செய்யப்போகிறது.

காற்று ஏன் அங்கே போய் இறங்குகிறது? முதலில் வழி காட்டியவர்களுக்குப் பாலைவனத்தைப் பற்றிய அக்கறையே இல்லை. அவர்கள் கப்பல்களைப் பற்றி யோசித்தார்கள். வெப்பமண்டலக் கடல்களில் கிழக்கிலிருந்து மாறாமல் வீசும் வியாபாரக் காற்றுகளுக்கு 1686இல் எட்மண்ட் ஹாலி ஒரு விளக்கம் தந்தார். நிலநடுக்கோட்டருகே வெப்பமான காற்று மேலே எழுகிறது, அந்த இடத்தை நிரப்ப இருபுறமிருந்தும் காற்று ஓடிவருகிறது என்ற வரையில் அவர் சொன்னது சரி. ஏன் கிழக்கிலிருந்து என்பதில் வழுக்கினார். 1735இல் ஜார்ஜ் ஹாட்லி என்ற லண்டன் வழக்கறிஞர், பூமி சுழல்வதைக் கணக்கில் கொண்டுவந்து அந்த இடைவெளியை நிரப்பினார். மேலே எழுந்த காற்று துருவம் நோக்கிப் போய், குளிர்ந்து, இறங்கி, மறுபடி நிலநடுக்கோட்டுக்குத் திரும்புகிறது என்பது அவர் வரைந்த சுழல். இன்றும் அதற்கு ஹாட்லி சுழற்சி என்றே பெயர்.

இந்தச் சுழல் துருவம் வரை நீளும் என்று ஹாட்லி நினைத்தார். அவ்வளவு தூரம் அதனால் போக முடியாது. நிலநடுக்கோட்டில் பூமியின் மேற்பரப்பு மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. அங்கிருந்து கிளம்பும் காற்று, பூமியின் அச்சை நெருங்க நெருங்க, தன் சுழல் உந்தத்தைக் காத்துக்கொள்ள வேண்டிய கட்டாயத்தால் இன்னும் வேகமெடுக்கிறது. 30ஆம் பாகையை அடையும்போது தரையைவிட மணிக்கு 480 கி.மீ. கூடுதல் வேகத்தில் அது கிழக்கே பறக்க வேண்டியிருக்கும். அத்தகைய ஓட்டம் நிலைக்காது. அதற்கு முன்பே குலைந்து, பெரிய அலைகளாகவும் சுழிகளாகவும் சிதறிவிடுகிறது. ஆக, 20 முதல் 35 பாகை வரையிலான இரண்டு பட்டைகளில், வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக, காற்று கீழே இறங்கிவிடுகிறது. உலக வரைபடத்தைப் பிரித்து வைத்துப் பாருங்கள். சகாரா, அரேபியா, ஈரானின் தஷ்த்-இ-லூத், தார், வட அமெரிக்காவின் சோனோரா ஆகியவை வடக்குப் பட்டையில். கலஹாரி, நமீபு, அட்டகாமா, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி ஆகியவை தெற்கில்.

இதில் என்னை எப்போதும் அசர வைப்பது ஒன்றுண்டு. அப்படி இறங்கும் காற்று காங்கோவிலும் அமேசானிலும் இந்தோனேசியக் கடல்களிலும் இடிமேகங்களாக எழுந்த காற்று. 15 கி.மீ. உயரத்தில் மைனஸ் 70 டிகிரிக்கும் கீழான குளிரில் தன் ஈரத்தையெல்லாம் மழையாகக் கொட்டிவிட்டு, வெளிப்பட்ட வெப்பத்தை மட்டும் சுமந்துகொண்டு வருகிறது. மழைக்காடும் பாலைவனமும் ஒரே சுழற்சியின் இரண்டு கைகள். ஓரிடத்தில் காற்று ஏறினால் இன்னோரிடத்தில் இறங்கியே ஆக வேண்டும். உலகம் முழுவதும் மழை பெய்ய முடியாது.

சரி, வறட்சி வந்துவிட்டது. வெப்பம் எப்படி வருகிறது? இறங்கும் காற்றில் மேகம் உருவாகாததால் வானம் வெறிச்சோடிக் கிடக்கிறது. எகிப்தின் அஸ்வானில் ஆண்டுக்கு 3,800 மணி நேரத்துக்கும் மேல் வெயில் அடிக்கிறது. மழையோ ஆண்டுக்குச் சராசரியாக 1 மி.மீ. அளவில் நிற்கிறது. ஆனால் மேகமின்மையைவிட முக்கியமானது கீழே, தரையில் நடக்கிறது. ஈரமான நிலத்தில் விழும் வெயிலில் பெரும்பங்கு நீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் 5 லிட்டர் நீர் ஆவியானால் அது விழுங்கும் ஆற்றல் சுமார் 12 மெகாஜூல். நீரே இல்லாத நிலத்தில் அந்த ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லை. மண்ணையும் மண்ணைத் தொடும் காற்றையும் சூடாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. 12 மெகாஜூல் முழுவதும் காற்றுக்குப் போனால், தரையிலிருந்து 2 கி.மீ. உயரம் வரையுள்ள காற்று ஒரே நாளில் 5 டிகிரிக்கு மேல் சூடேறும். சிங்கப்பூரைக் காப்பாற்றுவது அதைச் சுற்றியுள்ள கடலும், அதன் மரங்களும், பிற்பகல் மேகமும்தான். வார்க்லாவுக்கு இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. 2005இல் செயற்கைக்கோள் தஷ்த்-இ-லூத்தின் தரையில் 70.7 டிகிரியை அளந்தது. அது காற்றின் வெப்பநிலையல்ல, வெயில் நேராகத் தின்ற கல்லின் வெப்பநிலை.

அவ்வளவு சூடான தரையிலிருந்து காற்று மேலெழாதா? எழும். கோடைப் பிற்பகலில் சகாராவின்மேல் தரைச்சூட்டால் கலங்கும் காற்று 5, 6 கி.மீ. உயரம் வரைகூடப் போகும். பூமியில் இதைவிட ஆழமாகக் கலங்கும் காற்று வேறெங்கும் அரிது. ஆனால் 40 டிகிரியில் இருக்கும் காற்றின் பனிநிலை 5 டிகிரி என்றால், மேகம் தொடங்கவே 4 கி.மீ.க்கு மேல் ஏற வேண்டும். அத்தனை உயரத்தில் தப்பித்தவறி ஒரு மேகம் திரண்டு பெய்தாலும், துளிகள் தரைக்கு வருவதற்குள் வழியிலேயே ஆவியாகிவிடும். மழை தொங்குவது கண்ணுக்குத் தெரியும். கை நீட்டினால் நனையாது.

இரவில் நிலைமை தலைகீழ். பகலில் வெயிலைத் தடுக்காத வெறும் வானம், இரவில் தரையின் வெப்பத்தையும் தடுப்பதில்லை. மேகமும் நீராவியும் போர்வையாக இல்லாததால் அது நேராக விண்வெளிக்குப் போகிறது. ஒரே நாளில் பகலுக்கும் இரவுக்கும் 15, 20 டிகிரி வித்தியாசம் என்பது சகாராவில் சாதாரணம்.

இங்கேதான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன இழப்பு வருகிறது. 1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும் செயற்கைக்கோள்கள் பூமிக்கு வரும் கதிர்வீச்சையும் பூமி திருப்பி அனுப்புவதையும் அளக்கத் தொடங்கின. அதில் தெரிந்த செய்தி பலரைத் திகைக்க வைத்தது. கோடையில்கூட சகாராப் பகுதி, சூரியனிடமிருந்து தான் வைத்துக்கொள்வதைவிட அதிக ஆற்றலை விண்வெளிக்குத் திருப்பி அனுப்புகிறது. வெளிறிய மணல் தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படியே பிரதிபலித்துவிடுகிறது. மீதியை உள்வாங்கிய சூடான தரை, தடுப்பில்லாத வானத்தின் வழியே தாராளமாக வெப்பத்தைக் கதிர்வீசுகிறது. பூமியின் மிகச் சூடான நிலம், ஆற்றல் கணக்கில் எப்போதும் பற்றாக்குறையில் நிற்கிறது!

பற்றாக்குறை இருந்தால் அந்தப் பகுதி ஆண்டுக்காண்டு குளிர்ந்துகொண்டே போக வேண்டும். அப்படி நடப்பதில்லை. ஈடுகட்டுவது எது? எம்.ஐ.டி.யில் இருந்த ஜூல் சார்னி 1975இல் விடை சொன்னார். கதிர்வீசிக் குளிரும் காற்று கீழே இறங்குகிறது. இறங்கும்போது அழுத்தத்தால் சூடேறி இழப்பைச் சரிசெய்துகொள்கிறது. ஆகவே காற்று இறங்குவதால் நிலம் வறள்கிறது. வறண்ட, வெளிறிய நிலம் ஆற்றலை இழப்பதால் காற்று மேலும் இறங்குகிறது. பாலைவனம் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. அப்போது ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியை உலுக்கிக்கொண்டிருந்த கொடிய வறட்சிக்கு, மேய்ச்சலால் செடிகொடி அழிந்து நிலம் வெளிறியதே காரணமாக இருக்கலாம் என்றும் சார்னி கருதினார். பிற்கால ஆய்வுகள் அந்த வறட்சியில் கடல் வெப்பநிலை மாற்றத்துக்கே முதலிடம் தந்தன. ஆனால் பாலைவனம் தன் மேலுள்ள காற்றைத் தானே கீழே இழுக்கிறது என்ற கருத்து நிலைத்துவிட்டது.

இத்துடன் விளக்கம் முடிந்தது என்று பல பாடநூல்கள் நிறுத்திக்கொள்ளும். வரைபடமோ நிறுத்த விடுவதில்லை. அஸ்வான் 24ஆம் பாகையில் இருக்கிறது, கொல்கத்தா இருபத்திரண்டரையில். அஸ்வானில் மழை ஆண்டுக்கு 1 மி.மீ., கொல்கத்தாவில் 1,600 மி.மீ.க்கு மேல். இறங்கும் காற்றுப் பட்டை பூமியைச் சுற்றிய சீரான வளையமாக இருந்தால் வங்காளமும், தென் சீனாவும், அமெரிக்காவின் ஃபுளோரிடாவும் பாலைவனமாகி இருக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. வடக்கு ஹாட்லி சுழற்சி வலுவாக இருப்பது குளிர்காலத்தில்; கோடையில் அது தேய்ந்துவிடும். கிழக்கு சகாராவிலும் மத்தியதரைக் கடல் பகுதியிலும் காற்று மிகத் தீவிரமாக இறங்குவதோ கோடையில்.

இதற்கு விடை நம் வாசலிலேயே இருந்தது. 1996இல் மார்க் ராட்வெல், பிரையன் ஹாஸ்கின்ஸ் என்ற இருவர், கணினி மாதிரியில் ஆசியப் பருவமழையின் வெப்பத்தைச் சேர்த்தும் விலக்கியும் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் 1,000 டன். அது ஆவியிலிருந்து நீரானபோது காற்றில் விட்ட வெப்பம் கிட்டத்தட்ட ஏழு லட்சம் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். வங்கக் கடல் மீதும் வட கிழக்கு இந்தியா மீதும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இப்படி வெளிப்படும் வெப்பத்தை எண்ணிப் பாருங்கள். அது வளிமண்டலத்தில் ஒரு மாபெரும் அலையை எழுப்பி மேற்கு நோக்கிப் பரவ விடுகிறது. ஈரான், அரேபியா, எகிப்து வரை மேல்வானம் வெப்பமடைகிறது. வடக்கிலிருந்து வளைந்து வரும் மேலைக்காற்று இந்த வெப்பத் திரளோடு மோதும்போது அதன் சரிவில் வழுக்கிக் கீழிறங்குகிறது. இறங்கும் இடங்கள் கிழக்கு சகாரா, மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதி, ஈரான், ஆரல் கடலைச் சுற்றியுள்ள நிலம். மேகம் கலைகிறது, கலைந்த வானம் சார்னி சொன்னபடி மேலும் ஆற்றலை இழந்து இறக்கத்தை வலுப்படுத்துகிறது. ஜூனில் இந்தியாவில் மழை பிடித்ததும் அங்கே இறக்கம் கூடுவதை அவதானிப்புகளும் காட்டுகின்றன. சிரபுஞ்சியில் கொட்டும் மழைக்கும் எகிப்தின் வெறும் வானத்துக்கும் இடையே இப்படியொரு கணக்கு ஓடுகிறது.

அந்த இறக்கத்தின் கிழக்கு ஓரம்தான் நம் தார் பாலைவனம். ஜெய்சல்மர் 27ஆம் பாகையில் இருக்கிறது. ஆண்டுக்கு 12,000 மி.மீ.யை நெருங்கும் மழை பெறும் சிரபுஞ்சி 25ஆம் பாகையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. இடையில் 2 பாகைகூட வித்தியாசமில்லை. தாரில் மழை குறைந்ததற்கு ஆரவல்லி மலைத்தொடர் காற்றுக்கு இணையாகக் கிடந்து அதைத் தடுக்காததே காரணம் என்று பள்ளியில் படித்திருப்போம். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது சிறிய உண்மை. ஜூலையில் அரபிக் கடலின் ஈரக்காற்று சிந்து சமவெளி வழியாகத் தாராளமாகவே உள்ளே வருகிறது. கராச்சியின் வானம் அந்த மாதத்தில் பெரும்பாலும் மேகமூட்டமாகவே இருக்கும், தூறலும் போடும். ஆனால் அந்த ஈரக்காற்று ஒன்று ஒன்றரை கிலோமீட்டர் கனத்துக்கு மேல் இல்லை. அதன்மேல் மேற்கிலிருந்து வரும், இறங்கிச் சூடான வறண்ட காற்று படர்ந்திருக்கிறது. கீழே குளிர்ந்தது, மேலே சூடானது என்ற இந்தத் தலைகீழ் அடுக்கை மேகத்தால் துளைக்க முடிவதில்லை. தஹ்ரானின் புழுக்கம் மழையாகாததற்கும் காரணம் இதுவே.

மலைகளும் தம் பங்குக்கு வறட்சியை உண்டாக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் வாழ்கிறவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கோபி, தக்லமகான் போன்ற மத்திய ஆசியப் பாலைகள் மழை மறைவாலும் கடலிலிருந்து வெகுதூரம் விலகியிருப்பதாலும் உருவானவை; அவற்றின் குளிர்காலம் உறையவைக்கும்.

வறட்சியும் வெப்பமும் வேறு வேறு என்பதற்குச் சிலியின் அட்டகாமாவைவிடச் சிறந்த சான்று இல்லை. அரிக்கா என்ற துறைமுக ஊரில் 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை, 173 மாதங்கள், மழையே பெய்யவில்லை. உலக வானிலை அமைப்பின் பதிவேட்டில் இதுவே மிக நீண்ட மழையற்ற காலம். அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையோ 20 டிகிரிக்கும் கீழே. அண்டார்க்டிக் திசையிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் கரையோரக் கடலைக் குளிர்விக்கிறது. கடலைத் தொட்ட காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்குகிறது. மேலிருந்து இறங்கும் காற்று சூடாக அதன்மேல் அமர்கிறது. கடலோரத்தில் கமஞ்சாக்கா என்று மக்கள் அழைக்கும் மூடுபனி அடர்ந்து வருகிறது, மழை வருவதில்லை. சூரியனின் சூடுதான் பாலைவனத்தை உண்டாக்குகிறது என்றால், இந்தக் குளுமையான ஊரில் பதினான்கு ஆண்டுகள் மழையில்லாமல் போனது எப்படி?

எதிர்த்திசையிலிருந்து இன்னொரு சான்று. ஹைன்ரிஷ் பார்ட் என்ற ஜெர்மானியப் பயணி 1850இல் இன்றைய லிபியாவின் ஃபெஸான் பகுதியைக் கடந்தபோது பாறைகளில் செதுக்கிய எருதுகளைக் கண்டார். ஒட்டகத்தை அங்கே காணவில்லை. இந்த நிலம் ஒருகாலத்தில் வேறு மாதிரி இருந்தது என்று அவர் ஊகித்தது சரியே. ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை சகாராவின் பெரும்பகுதியில் புல்வெளியும் ஏரிகளும் இருந்தன. இன்று சுருங்கிக் கிடக்கும் சாட் ஏரி அப்போது காஸ்பியன் கடலுக்கு ஏறக்குறைய ஈடான பரப்புடன் விரிந்திருந்தது. நீர்யானைகளும் முதலைகளும் வாழ்ந்தன. மனிதர்கள் மீன் பிடித்தார்கள், மாடு மேய்த்தார்கள்.

அப்போது வெயில் குறைந்திருந்ததா? கூடியிருந்தது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் நாள் இன்று ஜனவரித் தொடக்கத்தில் விழுகிறது. பூமியின் அச்சு மெல்ல வட்டமிடுவதால் இந்த நாள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நாள்காட்டி முழுவதும் நகரும். 9,000 ஆண்டுகளுக்கு முன் அது ஜூலை இறுதியில் இருந்தது. அக்காலத்தில் வடக்கு அரைக்கோளத்தின் ஜூலை வெயில் இன்றைவிடச் சுமார் 7 விழுக்காடு அதிகம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜான் குட்ஸ்பாக் 1981இல் இந்த எண்ணைக் கணினி மாதிரியில் கொடுத்தபோது ஆப்பிரிக்கா, ஆசியா இரண்டின் பருவமழையும் வலுத்தது. கூடுதல் வெயில் கண்டத்தைச் சூடாக்கியது. சூடான கண்டம் அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்றை உள்ளே இழுத்தது. காற்று ஏறும் பட்டை வடக்கே நகர்ந்து சகாராவுக்குள் புகுந்தது. மழை பெய்து புல் முளைத்ததும் நிலம் கருத்தது. கருத்த நிலம் வெயிலை அதிகம் உள்வாங்கியது. சார்னியின் சங்கிலி பின்னோக்கிச் சுழன்றது. சகாரா பசுமையானது அதிக வெயிலால். வெயில்தான் பாலைவனத்தின் தாய் என்று நம்புகிறவருக்கு இதைவிடக் கடினமான கேள்வியை வைக்க முடியாது.

இன்றும் அந்த நிலம் மழையை மறந்துவிடவில்லை. 2024 செப்டம்பரில் மொராக்கோவின் தென்கிழக்கில் ஒரு புயல் சின்னம் காற்றைத் தூக்கி நிறுத்தியது. தகுனித் என்ற சிற்றூரில் 24 மணி நேரத்தில் 100 மி.மீ.க்கு மேல் கொட்டியது. ஐம்பது ஆண்டுகளாகக் காய்ந்து கிடந்த இரிக்கி ஏரியில் நீர் நிறைந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. தூக்கிவிட ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும், நீர் வந்துவிடுகிறது.

எனக்குக் கவலை தருவது இறங்கும் பட்டையின் ஓரங்கள். பூமி சூடாகச் சூடாக ஹாட்லி சுழற்சி துருவங்களை நோக்கி அகலும் என்று மாதிரிகள் சொல்கின்றன. கடந்த நாற்பது ஆண்டு அவதானிப்புகளும் அத்திசையையே காட்டுகின்றன. சகாராவின் நடுவில் இதனால் பெரிய மாற்றம் தெரியாது. அங்கே குறைய மழையே இல்லை. பாதிப்பு, பட்டையின் விளிம்பில் குளிர்கால மழையை நம்பி வாழும் ஊர்களுக்கு. மத்தியதரைக் கடல் நாடுகள், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, நடுச் சிலி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை ஆகியவை அந்த வரிசையில் வருகின்றன. குளிர்காலப் புயல்கள் நடமாடும் பாதை துருவப் பக்கம் சற்று ஒதுங்கினாலே அவற்றின் மழை கடலில் பெய்துவிடும். பெர்த் நகரைச் சுற்றியுள்ள பகுதியில் 1970க்குப் பிறகு குளிர்கால மழை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மண் முதலில் குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் ஓடைக்கு விடும் என்பதால் அணைகளுக்கு வரும் நீர் பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்த நகரம் 2006இல் குவினானாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் திறந்தது. பின்னர் இன்னொன்றையும் கட்டியது. அங்கே அணை வற்றுவதை இனி யாரும் தற்காலிக வறட்சி என்று எண்ணித் திட்டமிடுவதில்லை.